எண்ணெய் வைக்க வருகிறார்கள்

அன்று காலை சீப்பில் வந்தது நாற்பத்தேழு.

சீனிப்பிள்ளை ஒவ்வொரு மயிராகச் சீப்புப் பல்லில் இருந்து இழுத்து, பாயில் நீட்டி வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். முந்திய நாள் அறுபத்திரண்டு. அதற்கு முந்திய நாள் முப்பத்தொன்பது. இது குறைகிற கணக்கா கூடுகிற கணக்கா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. எண்ணி முடித்ததைச் சுட்டுவிரலில் சுற்றி முடிச்சுப் போட்டாள். பிறகு தலையணையில் கிடந்தது, பாயில் கிடந்தது, குசினி வாசலில் காற்றுக்கு ஒதுங்கியது எல்லாவற்றையும் குனிந்து குனிந்து பொறுக்கி, கூரை வளையில் தொங்கிய உமலுக்குள் போட்டாள். பன்புல்லில் இழைத்த சின்னக் கைப்பை அது. பங்குனியில் தொங்கவிட்டாள், ஆடி முடியுமுன் அரைவாசிக்கு மேல் நிறைந்துவிட்டது.

"எத்தினம்மா?" என்றாள் மகள் நேசம்மா, முதுகைக் காட்டிக்கொண்டே.

"எண்ணல்ல."

"எண்ணினீங்க. சொண்டு அசையிற சத்தம் எனக்குக் கேட்ட."

"சும்மா இரு புள்ள. நேத்தையவிட இண்டைக்குக் குறைவுதான்."

நேற்றும் அம்மா இதைத்தான் சொன்னாள்.

குருமண்வெளியில் நேசம்மாவின் தலைமயிரைப் பற்றிக் கதைக்காத பெண்கள் இல்லை. அதற்குச் சீனிப்பிள்ளையும் ஒரு காரணம். ஒரே பிள்ளை, பிறந்த மூன்றாம் மாதமே அவள் தொடங்கிய வேலை அது. செவ்வாயும் வெள்ளியும் முழுக்கு. முதல் நாளே தேசிக்காயை அவித்து வைத்துவிடுவாள். செவ்வரத்தம் இலையைத் தண்ணீரில் கசக்கி வழுவழுப்பு எடுத்து, ஊறவைத்த வெந்தயத்தை அரைத்துக் கலந்து தலையில் பூசி, பிள்ளையை இளவெயிலில் இருத்தி, பிறகு கிணற்றடியில் பன்னிரண்டு வாளி தண்ணீர். காய்ந்த பிறகு சாம்பிராணிப் புகை. அதற்குப் பிறகுதான் எண்ணெய். கடையில் வாங்கிய எண்ணெய் அந்தத் தலையில் ஒரு நாளும் பட்டதில்லை. வளவுத் தேங்காயைத் துருவிப் பால் பிழிந்து, கையாந்தகரைச் சாறு விட்டு, அவளே அடுப்படியில் நின்று காய்ச்சுவாள். வேலப்போடி, அவள் புருஷன், பகிடி பண்ணுவான்: "இந்தப் பராமரிப்பை எருமைக்குக் குடுத்திருந்தா நான் இப்ப தயிர் வித்துக் கல்வீடு கட்டியிருப்பன்."

அவன் சொன்னதில் பிழையில்லை. ஆனால் நேசம்மா கொண்டையை அவிழ்த்துவிட்டு எழும்பினால் மயிர் முழங்காலைத் தொடும். அதைப் பார்க்கிற நேரம் சீனிப்பிள்ளையின் முகத்தில் ஒரு மினுக்கம் வரும். வாழ்க்கையில் அவளுக்கு வேறு பெருமை என்ன இருந்தது?

முப்பத்தைந்தாம் வருஷத்துக் காய்ச்சலை வாவிக்கரையில் மறந்தவர்கள் இல்லை. மார்கழியில் தொடங்கி மாசிவரை வீடு வீடாகப் போனது. குளிரும், நடுக்கமும், வேர்வையும், பிறகு மறுபடி குளிரும். கொயினா மருந்து கொடுக்க வந்தவர்களுக்கே காய்ச்சல் வந்து படுத்தார்கள். நேசம்மாவுக்குத் தை பிறந்தவுடன் வந்தது. பதினோராம் நாள் நடுப்பகல், கண் மேலே செருகிக்கொண்டது. பல் கிட்டிவிட்டது. சீனிப்பிள்ளை பிள்ளையைப் பக்கத்து வீட்டுக் கண்ணாத்தையின் மடியில் கிடத்திவிட்டு ஓடினாள்.

ஓடிய இடம் கண்ணகை அம்மன் கோயில். அங்கே கதவு வைகாசிச் சடங்குக்குத்தான் திறக்கும். மற்ற நாளெல்லாம் பூட்டு. அவள் பூட்டிய கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். நேர்வதற்கு வீட்டில் என்ன இருக்கிறது என்று நினைத்துப் பார்க்க அவகாசம் இல்லை. ஆகப் பெரிய பொருள் எதுவோ அது வாயில் வந்தது.

"தாயே, என்ட புள்ளைய விட்டிரு. அவட தலைமயிரை அடியோட வெட்டி உனக்குத் தாறன். வைகாசியில நீ கதவு திறக்கக்குள்ள கொண்டு வந்து வாசல்ல வைப்பன்."

இதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. பிள்ளை பிழைத்தது.

மாசி பிற்பாதியில் ஒரு வெள்ளிக்கிழமை முதல் தண்ணீர் வார்த்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்த நேசம்மாவை வளவு மணலில் பாய் போட்டு வெயிலுக்கு இருத்தி, மயிரைப் பின்னால் பரப்பி விட்டிருந்தாள் தாய். அந்த நேரம்தான் மண்டூர்த் தோணியில் வந்து இறங்கிய செல்லத்தங்கம் வீட்டு முன் ஒழுங்கையால் போனாள். வேலிப் படலையில் நின்றாள். நெடுநேரம் நின்றாள். பிறகு, "ஈரத்தோட இருக்காத மனே. நல்லாக் காயவிட்டுட்டு உள்ளுக்குப் போ" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். பத்து நாளில் ஆள் வந்தது. அவளுடைய தம்பி கனகசூரியத்துக்கு, மண்டூரில் சின்னச் சட்டம்பியாராய்ப் படிப்பிக்கிறவனுக்கு, நேசம்மாவைக் கேட்டு.

"தலைமயிரைக் கண்டு வந்த சம்பந்தம்" என்று கண்ணாத்தை சொன்னாள். ஊரும் சொன்னது. சீனிப்பிள்ளையும் அதையே நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? படலையில் நின்று செல்லத்தங்கம் வேறு எதைப் பார்த்திருப்பாள்?

செல்லத்தங்கத்தின் மகள் பூமணி, பதினொரு வயசுப் பிள்ளை, அந்த மார்கழியில் இதே காய்ச்சலில் போயிருந்தாள். ஆண்டுத்திவசம் முடியட்டும் என்று எல்லோரும் பார்த்திருந்தால் அந்த வருஷம் வாவிக்கரையில் ஒரு கலியாணமும் நடந்திராது. வேளாண்மை வெட்டி, ஆவணியில் நாள் வைத்தார்கள்.

பங்குனியில் மயிர் உதிரத் தொடங்கியது. முதலில் சீப்பில் நாலைந்து. பிறகு கைப்பிடி. முழுகின நாளில் கிணற்றடி வாய்க்கால் அடைத்துக்கொள்ளும். கண்ணகை அம்மாள் தன்னுடையதைத் தானே எடுக்கிறாள் என்று சீனிப்பிள்ளைக்கு விளங்கிவிட்டது. விளங்கியும், வைகாசியில் கதவு திறந்தபோது அவள் வெறுங்கையோடு போனாள். சடங்கின் கடைசி நாளான குளிர்த்தி அன்று சனத்துக்குப் பின்னால் நின்று, தலையை நிமிர்த்தாமல் கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். ஆவணியில் கலியாணம், மொட்டைத் தலையோடு பெண்ணை யார் எடுப்பார்கள்? கலியாணம் முடியட்டும் தாயே, அடுத்த வைகாசி, அடுத்த வைகாசி என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவர்கள் பக்கத்து வழக்கம் ஒன்று இருந்தது. கலியாணத்துக்கு ஏழு நாள் முன்னம் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் எண்ணெய்ப் போத்தலோடு வருவாள். பெண்ணின் கொண்டையைத் தன் கையால் அவிழ்த்து, எண்ணெய் வைத்து, சீவி, தானே திரும்ப முடிந்துவிடுவாள். எண்ணெய் வைத்தால் பெண்ணை எடுத்துக்கொண்டோம் என்று பொருள். கொண்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, எண்ணெய் வைக்காமல் எழும்பிப் போன கதையும் ஒன்றிரண்டு உண்டு. அப்படி விடப்பட்ட பெண்ணுக்குப் பிறகு யாரும் ஆள் அனுப்புவதில்லை.

நேசம்மாவின் கொண்டை இப்போது ஒரு கோழிமுட்டை அளவு. வகிடு பிரிந்த இடத்தில் தோல் வெள்ளையாகத் தெரிந்தது.

"எண்ணெய் வைக்க இன்னும் பதினாலு நாள்" என்றாள் சீனிப்பிள்ளை.

"எனக்கும் எண்ணத் தெரியும்" என்றாள் நேசம்மா. பன்னைக் கிழித்துப் பாய் இழைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வந்தால் இருத்துகிற பாய். சிவப்புச் சாயம் போட்ட கரை. இழைக்கிற நேரத்திலும் மயிர் விழுந்து பன்னோடு பன்னாகப் போய்க்கொண்டிருந்தது. சீனிப்பிள்ளை கண்ட இடத்தில் ஊசியால் கிளப்பி எடுத்தாள். சிலது எடுபடவில்லை.

கண்ணாத்தை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். புத்தி சொல்லாமல் ஒரு நாளும் அவளால் இருக்க முடியாது.

"சின்ன வெங்காயம் அரைச்சுத் தேய்ச்சுப் பாத்தியாகா?"

"தேய்ச்சன்."

"மிளகும் சேத்துத் தேய்க்கோணும். தலை கொஞ்சம் எரியும். எரிஞ்சாத்தான் வேர் எழும்பும்."

"ஆட்டுப்பால் எண்டு நீங்கதானே போன கிழமை சொன்ன?"

"அது சூட்டுக்கு. இது வேருக்கு. ரெண்டையும் செய்தா ஆருக்கு நட்டம்?"

சீனிப்பிள்ளை ரெண்டையும் செய்தாள். மிளகு நேசம்மாவின் தலையைப் பொரித்துவிட்டது. காதுக்குப் பின்னால் கொப்பளம் போட்டது. பிள்ளை இரண்டு நாள் தலையணையில் தலை வைக்க ஏலாமல் குப்புறக் கிடந்தாள். சீனிப்பிள்ளை பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டே அழுதாள். "என்ட கை அழுகட்டும்" என்று அழுதாள்.

வேலப்போடி மூன்று நாளைக்கு ஒருக்கால் படுவான்கரை வயல்வட்டையில் இருந்து தோணியில் வருவான். உடம்பெல்லாம் வைக்கோல் தூசு. அன்று வந்து, கால் கழுவிவிட்டு, இறால் சொதியும் சோறும் தின்றுகொண்டு கேட்டான்.

"என்ன, வீட்டில செத்தவீடு மாதிரி இருக்கு?"

"உங்களுக்கென்ன. வயல் வெட்டினமா கதிரைச் சூடு போட்டமா எண்டு போறீங்க. இவட தலையைப் பாத்தீங்களா?"

"பாத்தன். கழுத்தில தலை இருக்குதே, அது போதாதா? தை மாசம் அதுவும் போகத்தானே இருந்த."

"அவள் செல்லத்தங்கம் அவிழ்த்துப் பாக்கக்குள்ள அதைச் சொல்லுங்க."

"சொல்லத்தான் போறன். காய்ச்சல் மருந்து குடுத்த ஐயா என்ன சொன்னவர்? விழுந்தது முளைக்கும், தலையை நோண்டாம சும்மா விடுங்க எண்டு சொன்னவரா இல்லையா?"

"அவருக்கென்ன தெரியும்? அந்தக் கைச்ச மருந்தாலதான் எல்லாம்" என்றாள் சீனிப்பிள்ளை. அந்த மருந்தால் இல்லை என்று அவளுக்குத் தெரியும். வேறு என்ன சொல்ல முடியும் புருஷனிடம்? சொதியை இன்னும் கொஞ்சம் வார்த்தாள். அவன் கேட்கவில்லை, அவளாக வார்த்தாள்.

அவளுடைய தலையை அந்த நாட்களில் யாரும் பார்க்கவில்லை. புதுநெல் தூற்றுகிற தூசுக்கு என்று ஒரு பழைய சீலைத்துண்டைத் தலையில் சுற்றி முடிந்திருந்தாள். பிறகு அதை அவிழ்க்க நேரம் வரவில்லை.

பத்து நாள் இருக்கையில் ஆமினா உம்மா வந்தாள். காத்தான்குடியில் இருந்து மாதம் ஒருக்கால் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிற மனிசி. சீப்பு, கண்ணாடி, அத்தர், சாம்பிராணி, கறுப்பு நூல். பிரிந்த மயிரைச் சேர்த்துச் சவுரி கட்டுவதில் அவளுக்கு நல்ல கை.

"என்ன சீனிப்புள்ள, மொகமெல்லாம் கறுத்துப் போய்க் கிடக்கு? கலியாண ஊடா இது?"

சீனிப்பிள்ளை பேசாமல் மகளின் கொண்டையை அவிழ்த்துக் காட்டினாள்.

"யா அல்லாஹ்!" ஆமினா உம்மா கடகத்தை இறக்கி வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்தாள். "காச்சல் கொண்டு போன தலை. எங்கட ஊருலயும் பாத்தன். எங்க பாத்தாலும் இதே கதைதான் தங்கச்சி."

"சவுரி இருக்கா உங்களிட்ட?"

"இரிக்கி. ஆனா இவட மயிரு நெறம் கரும்பட்டு. என்னிட்ட இரிக்கிறது செம்பட்டை. வெயிலுல ஒரு கண்ணுக்குப் புடிபட்டிரும்."

சீனிப்பிள்ளை உள்ளே போய் உமலைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். ஆமினா உம்மாவின் வாய் பிளந்தது.

"இம்புட்டையும் சேத்தா வெச்ச? அப்ப பின்ன என்ன! இவட மயிருலயே கட்டித் தாறன். பொய்யும் இல்ல, களவும் இல்ல. அவ தலையிலேருந்து வந்தது, அவ தலைக்கே போகுது."

முடிச்சு முடிச்சாகப் பிரித்து, அடியும் நுனியும் பார்த்து, நீட்டுக்கு நீட்டு அடுக்கினாள். பின்னேரம் வரைக்கும் அந்த வேலை நடந்தது. நடுவில் கை நின்றது.

"இதுக்குள்ள நரையும் கிடக்கு புள்ளே."

சீனிப்பிள்ளை கிட்ட வந்து பார்த்தாள். ஒன்றல்ல, பத்திருபது. வெள்ளை வெளேரென்று.

"இருவது வயசு ஆகல்ல ராத்தா. நரையா?" என்று கேட்டாள். "மொட்டையாகி, மறுகா முளைக்கிறது நரையா முளைக்குமா?"

ஆமினா உம்மா சீனிப்பிள்ளையின் தலைத்துண்டை ஒரு தரம் பார்த்தாள். என்னவோ சொல்ல வந்தாள். நேசம்மா குசினியில் இருந்து வெளியே வருவதைக் கண்டு நிறுத்திவிட்டாள். நரையை மட்டும் வேறாகச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டு உமலின் அடியில் வைத்தாள். "இதை எறியாத. கெடக்கட்டும்" என்றாள்.

கட்டி முடித்தபோது சவுரி ஒரு முழமும் ஒரு சாணும் இருந்தது. கறுப்பு நூலால் நேசம்மாவின் மயிரோடு இறுக்கிப் பின்னிக் கொண்டை போட்டுக் காட்டினாள். பழைய கொண்டைதான். சீனிப்பிள்ளைக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அவிழ்க்கக்குள்ள?" என்றாள் நேசம்மா.

"சளி, தடிமன் எண்டு சொல்லு. உச்சியில மட்டும் ஒரு சொட்டு வெச்சாப் போதும் எண்டு உன்ட உம்மா சொல்லட்டும். உச்சியத் தாண்டிக் கை போகாட்டி ஒண்டும் தெரியாது."

எண்ணெய் வைக்க வருவதற்கு முதல் நாள் வீட்டை மெழுகினார்கள். பலகாரம் சுட்டார்கள். எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் சீனிப்பிள்ளை குந்திக்கொண்டிருந்தாள். அரியதரம் கரண்டியில் இருந்து நழுவி மண்ணில் விழுந்தது.

"நீங்க போய் இருங்கம்மா. நான் சுடுறன்."

"நேசம், நான் ஒரு பாவம் பண்ணிப்போட்டன்."

அப்போதுதான் சொன்னாள். பூட்டிய கதவும், நெற்றியும், வாயில் வந்த வார்த்தையும், வைகாசியில் வெறுங்கையோடு நின்றதும். நேசம்மா சட்டியில் இருந்ததைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பலகாரம் கருகியது.

"என்னைக் கேக்காம என்ட தலையைக் குடுத்தீங்களா?"

"நீ கேக்கிற நிலையிலயா கிடந்த?"

"மறுகாச் சொல்லியிருக்கலாமே. அஞ்சு மாசம்! இது ஏன் விழுது, என்னில என்ன குறை எண்டு நான் தவிச்ச தவிப்பு உங்களுக்குத் தெரியுமா? மிளகரைச்சுத் தேய்க்கிறீங்க. வெங்காயம் தேய்க்கிறீங்க. அம்மாளுக்குக் குடுத்ததைத் திருப்பிப் பிடுங்கவா தேய்ச்ச?"

நேசம்மா கருகினதை எடுத்து எறிந்துவிட்டுப் புது மாவைப் போட்டாள். அவளுக்குக் கோபம். ஆனால் பூட்டிய கதவில் நெற்றியை வைத்து நின்ற அம்மாவை நினைத்தால் கோபம் நிற்கவில்லை. அது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்தது.

"இப்ப அம்மாள்ர மயிரைக் கட்டிக்கொண்டு நாளைக்குப் பொய் சொல்லப் போறம்" என்றாள் கடைசியில். "நல்லா இருக்கு."

மறுநாள் ஒன்பது மணிக்குத் தோணி வந்தது. செல்லத்தங்கமும் அவளுடைய சின்னம்மாவும் ஒரு மச்சாளும். கண்ணாத்தை நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டாள். கால் கழுவத் தண்ணீர் கொடுத்தார்கள். வேலப்போடி வெள்ளை வேட்டி கட்டி, முற்றத்து மாமரத்தடியில் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கொப்பை முறித்து முறித்துப் போட்டான்.

செல்லத்தங்கம் ஒல்லியான மனிசி. முகத்தில் சிரிப்பில்லை. புதுப்பாயில் உட்கார்ந்தவுடன் அவள் கை சிவப்புக் கரையைத் தடவிப் பார்த்தது. தடவின விரல் ஒரு இடத்தில் நின்றது.

"பாயில மயிர் இழைஞ்சு கிடக்கு" என்றாள்.

"அது... புள்ள இழைக்கக்குள்ள காத்துக்கு..." என்றாள் சீனிப்பிள்ளை.

செல்லத்தங்கம் போத்தலைத் திறந்தாள். முழுப் போத்தல் எண்ணெய். முழங்கால் வரை மயிர் உள்ள பெண்ணுக்கு என்று கொண்டுவந்தது.

"மகள், புள்ளைக்குக் கொஞ்சம் தடிமன். உச்சியில மட்டும் ஒரு சொட்டு வைச்சாப் போதும்" என்றாள் சீனிப்பிள்ளை, செல்லத்தங்கத்திடம்.

செல்லத்தங்கத்தின் கை கொண்டைக்குப் போகிற வழியில் நின்றது. "தடிமனா?" என்றாள். "எத்தின நாளா? காய்ச்சலும் இருக்கா?" அவள் குரல் மாறியிருந்தது. புறங்கையால் நேசம்மாவின் கழுத்தைத் தொட்டாள். தொட்ட கை நடுங்கியது.

அந்த நடுக்கம்தான் நேசம்மாவை எழுப்பியது. அவள் கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டை ஊசியை இழுத்தாள், கறுப்பு நூலை அறுத்தாள், சவுரியைக் கழற்றி முன்னால் பாயில் வைத்தாள்.

"தடிமன் இல்ல மச்சாள். காய்ச்சலும் இல்ல. என்ட தலையில இவ்வளவுதான் இருக்கு. மற்றது இந்தா கிடக்கு. இதுவும் என்ட மயிர்தான். பங்குனியில இருந்து உதிர்ந்தது."

கண்ணாத்தையின் வாய் திறந்தபடி நின்றது. சின்னம்மா சவுரியையும், வகிட்டின் வெள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு செல்லத்தங்கத்தின் முழங்கையைத் தொட்டாள்.

"தங்கம், எழும்புவமா?"

சீனிப்பிள்ளை தூணைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு நிமிஷத்தில் அவள் தன் மகளின் மிச்ச வாழ்நாள் முழுவதையும் பார்த்துவிட்டாள்: இந்த வளவு, இந்தப் பாய், ஒருவரும் ஆள் அனுப்பாத வீடு.

"எங்க எழும்புற?" என்றாள் செல்லத்தங்கம்.

"இல்ல, மயிரைக் கண்டுதானே நீ இந்தப் புள்ளையைக் கேட்ட..."

"ஆரு சொன்ன?" செல்லத்தங்கம் திரும்பினாள். "நான் மயிரைப் பாத்தன் எண்டு ஆரு சொன்ன? என்ட புள்ளையை அடக்கி ரெண்டு மாசம் ஆகல்ல. இந்த ஒழுங்கையால வாறன். ஒரு புள்ள காய்ச்சலால எழும்பி வெயில்ல இருந்திச்சு. எழும்பி இருந்திச்சு! அதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டன். என்ட தம்பிக்கு இந்தப் புள்ளைதான் எண்டு அப்பவே நினைச்சன். காய்ச்சல் ஒருக்கா விட்டுட்டுப் போன புள்ள."

அவள் சவுரியைக் கையில் எடுத்தாள். விரலைக் கொடுத்து மெதுவாகக் கோதினாள்.

"பூமணிக்கு ஒரு மயிரும் உதிரல்ல" என்றாள். "ஒண்டு கூட இல்ல. கொண்டு போகக்குள்ள நான்தான் எண்ணெய் வைச்சு, சீவி, ரெட்டைப் பின்னல் பின்னி விட்டன். சீப்பில ஒண்டும் வரல்ல. பங்குனியில எங்கட ஊர்ப் புள்ளைகளுக்கெல்லாம் மயிர் கொட்டத் தொடங்கின. தாய்மார் வந்து என்னிட்ட அழுகுறாங்க, புள்ளைக்கு மயிர் கொட்டுது எண்டு. என்னிட்ட! கொட்டினதெல்லாம் தப்பின புள்ளைகளுக்குத்தான். போனதுகள் முழு மயிரோட போன."

சவுரியைப் பாயில் வைத்தாள். உள்ளங்கையில் எண்ணெயை வார்த்தாள். நேசம்மாவின் உச்சியில் வைத்து, பிறகு தலை முழுவதும், காதுக்குப் பின்னால் கொப்பளம் ஆறின இடத்தில் விரலைத் தளர்த்தி, பிடரிவரைக்கும் தேய்த்தாள். கண்ணாத்தைக்குக் குரவை போட நினைவு வரவில்லை. வேலப்போடி மாமரத்தடியில் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"கையில குத்துது" என்றாள் செல்லத்தங்கம். "இஞ்ச பாருங்க மாமி. முளைச்சிருக்கு."

சீனிப்பிள்ளை வந்து தொட்டுப் பார்த்தாள். அறுத்த வயலில் நெல்தாள் மாதிரிக் குட்டை குட்டையாக, தலை முழுக்க. கறுப்பு. ஒன்றும் வெள்ளை இல்லை. ஐந்து மாதமாய் விழுந்ததை எண்ணினவள் முளைத்ததை ஒரு நாளும் தொட்டுப் பார்க்கவில்லை.

"மகள், நான் அம்மாளுக்கு நேந்த மயிர் இது" என்று சவுரியைக் காட்டி அழுதாள். "குடுக்காம ஒளிச்சுப் போட்டன்."

"அப்ப கொண்டுபோய்க் குடுங்க. கதவு பூட்டினா என்ன, நேந்ததும் பூட்டின கதவிலதானே." பூமணிக்காகச் செல்லத்தங்கமும் அப்படி ஒரு கதவில் நின்றிருக்க வேண்டும். போத்தலை நிமிர்த்திப் பார்த்தாள். முக்கால் போத்தல் மிச்சம் இருந்தது. "இதைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. நீங்களும் இருங்க மாமி."

"எனக்கென்னத்துக்கு?"

"இருங்க எண்டா இருங்க."

அவளே சீனிப்பிள்ளையின் தலைத்துண்டை அவிழ்த்தாள். துண்டோடு கொத்தாக மயிர் வந்தது. பாதி கறுப்பு, பாதி வெள்ளை. விரலைக் கொடுத்த இடத்தில் இன்னொரு கொத்து.

"உங்களுக்கும் காய்ச்சல் வந்ததா?"

சீனிப்பிள்ளை யோசித்தாள். "குளிர்ந்த மாதிரி இருந்த. இவளுக்குக் கஞ்சி வைச்சுக் குடுத்துப்போட்டு, இடைக்கிடை படுத்தன். நாலு நாளோ என்னவோ. ஆரு பாத்த?"

நேசம்மா எழும்பிப் போய் உமலைக் கொண்டுவந்தாள். அடியில் கிடந்த நரை முடிச்சை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது என்ட இல்லம்மா" என்றாள்.

சீனிப்பிள்ளை அந்த முடிச்சைப் பார்த்தாள். ஒரே பாய், ஒரே தலையணை, ஒரே சீப்பு. எல்லாவற்றிலும் விழுந்ததைப் பொறுக்கிப் பொறுக்கி மகளுடையது என்றே எண்ணியிருக்கிறாள். அவள் வாய்விட்டு அழுதாள். காய்ச்சல் காலத்தில் அழாதது, வைகாசியில் அழாதது எல்லாம் சேர்ந்து வந்தது. செல்லத்தங்கம் எண்ணெய் வைக்கிறதை நிறுத்தவில்லை. அவள் கண்ணிலும் தண்ணீர் வடிந்தது. கை எண்ணெயாக இருந்ததால் துடைக்கவில்லை.

பின்னேரம் தாயும் மகளும் கண்ணகை அம்மன் கோயிலுக்குப் போனார்கள். சவுரியையும் நரை முடிச்சையும் ஒரே உமலுக்குள் போட்டு, பூட்டில் கொளுவிவிட்டு வந்தார்கள்.

மறுநாள் காலை நேசம்மா அம்மாவை முற்றத்தில் இருத்திச் சீவினாள். சீப்பு நிறைய வந்தது.

"எத்தின மனே?" என்றாள் சீனிப்பிள்ளை.

"எண்ணல்ல" என்றாள் நேசம்மா. உண்மையிலும் அவள் எண்ணவில்லை.